இடது பக்கம் மட்டும்

எங்கள் வீதியில் யாரும் கேமரா வைத்ததில்லை. நான் இருந்தேன். கம்பெனியிலிருந்து வரும் பனியன் மூட்டையை வாசலில் பிரித்துப் போட்டுப் பிசிறு வெட்ட உட்கார்ந்தால், கை பாட்டுக்குக் கத்தரியைப் பார்க்கும், கண் பாட்டுக்கு வீதியைப் பார்க்கும். நானூறு பனியன் முடிவதற்குள் நாலு வீட்டுச் சங்கதி முடிந்திருக்கும். அதனால்தான், ‘ஒரு குழந்தையைத் தொடர்ந்து கவனித்து இருபது குறிப்புகள் எழுத வேண்டும்’ என்று கல்லூரியில் சொன்னபோது, பரீட்சைக்கு முந்தின நாளே வினாத்தாள் கையில் கிடைத்தது போல இருந்தது எனக்கு.

நாற்பத்து நான்கு வயதில் கல்லூரி எதற்கு என்று கேட்பீர்கள். வீதியில் எல்லாரும் கேட்டார்கள். மகளைத் தாராபுரத்தில் கட்டிக் கொடுத்தாயிற்று. நான் பிசிறு வெட்டிக் கொடுக்கும் கம்பெனியில், வேலைக்கு வரும் பெண்களின் குழந்தைகளுக்காக ஓர் அறை திறக்கப் போகிறார்கள். மேனேஜர் வேல்குமார் மூட்டையை எண்ணி வாங்கும்போது ஒரு வார்த்தை சொன்னார்: “தெய்வாத்தாக்கா, குழந்தைங்களப் பாத்துக்கற படிப்பு சர்டிபிகேட் மட்டும் வாங்கிட்டு வாங்க. அந்த ரூமுக்கு நீங்கதான்.” மழலையர் பள்ளி ஆசிரியைக்கான ஒரு வருடப் படிப்பு. வயது வரம்பு இல்லை, பிளஸ் டூ போதும். நான் பிளஸ் டூ தேறிய சான்றிதழ் இருபத்தாறு வருடம் பெட்டிக்குள் கிடந்துவிட்டு எழுந்து வந்தது.

என் வீட்டுக்காரர் ஆறுச்சாமி சிரித்தார். “ஏனம்மிணி, அங்க போயி புள்ளைங்களுக்குச் சொல்லித் தரப் பழகுவியா, புள்ளைங்க ஊட்டுச் சங்கதியக் கேட்டுட்டு வருவியா?”

“பொம்பளைங்களுக்கு பஸ் ஓசிதானுங்களே. ரெண்டையும் பாத்துட்டு வந்தர்றேன்” என்றேன்.

வகுப்பில் எல்லாருக்கும் பத்தொன்பது, இருபது வயது. என் பக்கத்தில் குன்னத்தூர் யாழினி. முதல் வாரம் அபிநயப் பாட்டு. யானை அசைந்து அசைந்து வர வேண்டும். நான் அசைந்தேன், இடுப்பு பிடித்துக்கொண்டது. யாழினியும் இன்னொருத்தியும் ஆளுக்கொரு கையாகப் பிடித்து யானையைத் தூக்கி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். இரண்டாவது வாரம் காகித மடிப்பு. நான் செய்ததை எங்கள் ஆசிரியை பேகம் மிஸ் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது என்னங்க?”

“காக்காய்ங்க மிஸ்.”

“றெக்கையைக் காணோமே.”

“அடைகாத்துட்டு இருக்குதுங்க.”

பேகம் மிஸ் சிரிக்கவில்லை. அவர் லேசில் சிரிக்கிற ஆள் இல்லை. ஆனால் அந்தக் காகிதத்தைத் தூக்கிப் போடாமல் தன் மேஜை மேல் வைத்துக்கொண்டார். என்ன காரணத்துக்காக என்று நான் மூன்று விதமாக யோசித்து, மூன்றையும் பஸ்ஸில் யாழினியிடம் சொன்னேன்.

மூன்றாவது மாதம் வந்தது குறிப்பேடு. ஒவ்வொரு பக்கத்தையும் நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரிக்க வேண்டும். இடது பக்கம் கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது. வலது பக்கம் அதைப் பற்றி நாம் நினைப்பது. “வலது பக்கம் இப்போதைக்குக் காலியா இருக்கட்டுங்க. நான் சொல்றப்ப எழுதினாப் போதும்” என்றார் பேகம் மிஸ். அவரவர் வீட்டுக்குப் பக்கத்து நர்சரியில் செவ்வாயும் வியாழனும் மூலையில் உட்கார்ந்து, ஒரே குழந்தையைக் கால் மணி நேரம் பார்த்து எழுத வேண்டும். இருபது குறிப்பும் முடிந்து மிஸ் கையெழுத்துப் போட்டால்தான் செய்முறைத் தேர்வு. கையெழுத்து இல்லையென்றால் வருடம் போச்சு. வருடம் போனால் அந்த அறைக்கு வேறு யாராவது வந்துவிடுவார்கள்.

என் நர்சரி எங்கள் வீதி முனையிலேயே இருந்தது. என் குழந்தை ரித்தீஷ். நான்கு வயது. வீதிக் கடைசியில் லைன் வீட்டில் இருக்கும் தரணியின் மகன். தரணி என் கம்பெனியிலேயே செக்கிங்கில் வேலை செய்கிறாள். அதாவது, தைத்து வந்த பனியனை விரித்துப் பார்த்து, ஓட்டையோ கறையோ தையல் விட்டதோ இருந்தால் அந்த இடத்தைக் காட்டுகிற மாதிரி அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவது. நான் வீட்டிலிருந்து பிசிறு வெட்டுகிறவள், அவள் உள்ளே மேஜையில் நிற்கிறவள். பழக்கம் கிடையாது. பழக்கம் இல்லாததால் அவளைப் பற்றி எனக்கு நிறையத் தெரியும்.

முதல் குறிப்பை ஒரே மூச்சில் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். “ரித்தீஷ் ஏக்கத்துடன் ஜன்னலைப் பார்த்தான். அவன் தகப்பனார் சரக்கு வண்டி ஓட்டுபவர். தூத்துக்குடிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வாரத்துக்கு ஐந்து நாள் வருவதில்லை. வாசலில் ஆண் செருப்பு புதனும் ஞாயிறும் மட்டுமே காணப்படுகிறது. குழந்தையின் மனம் இதனால் வாடியுள்ளது.”

குறிப்பேடு திரும்பி வந்தபோது சீமந்தத்துக்குப் போய் வந்தது போல முழுக்கச் சிவப்பு. ‘ஏக்கத்துடன்’ மேல் வட்டம். ஓரத்தில், ‘பார்த்தீர்களா?’ ‘வாடியுள்ளது’ மேல் வட்டம். ‘பார்த்தீர்களா?’ செருப்புக்குப் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் நீளமாக: ‘செருப்பைப் பார்த்தீர்கள். ஆளைப் பார்த்தீர்களா?’ கடைசியில் வட்டம் விழாமல் தப்பியது ஒரே ஒரு வாக்கியம்: ‘ஜன்னலைப் பார்த்தான்.’

“ஒண்ணரைப் பக்கத்துல ரெண்டு வார்த்தைதானுங்களா மிஸ் தேறுச்சு?”

“முதல் தடவைக்கு ரெண்டு வார்த்தை நல்ல ஆரம்பங்க” என்றார். நிஜமாகத்தான் சொன்னார்.

எழுதி எழுதி, பத்தாவது குறிப்பு வரும்போது பக்கத்துக்கு ஐந்தாறு வாக்கியம் தேற ஆரம்பித்தது. வட்டத்துக்குப் பயந்து, கேட்ட சங்கதிகளை எழுதுவதை விட்டேன். சொல்வதை விடவில்லை. குறிப்பேட்டில் இடமில்லாததற்கெல்லாம் பால் சொசைட்டியில் இடம் இருந்தது.

பதின்மூன்றாவது குறிப்பு எழுதிய அன்றுதான் ஸ்டிக்கர். ரித்தீஷ் தன் அரைக்கை மடிப்பிலிருந்து ஒரு சிவப்பு அம்புக்குறியை எடுத்தான். காது பிய்ந்த பொம்மை நாயின் காதுப் பக்கம் ஒட்டினான். இன்னொன்று, சுவரில் காரை பெயர்ந்த இடத்தில். இன்னொன்று, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த ஒரு பிள்ளையின் மூக்குக்கு நேராக. அந்தப் பிள்ளை அழுதான். ரித்தீஷ் அடுத்த பிள்ளைக்குப் போய்விட்டான். எல்லாவற்றையும் வரிசையாக எழுதினேன். ஒரு வட்டம்கூட விழவில்லை. அந்த வியாழன் பதினான்காவதும் அப்படியே. அன்று கிளம்பும்போது, அட்டை ஓரம் கிழிந்திருந்த என் குறிப்பேட்டின் மேலும் ஒன்றை ஒட்டிவிட்டுப் போனான்.

இடது பக்கம் சுத்தம். வலது பக்கம் காலி. ஆனால் என் மண்டைக்குள் ஒரு வலது பக்கம் இருக்கிறதே, அதை யார் காலியாக வைப்பது? அன்று பொழுதோடு, வேலை விடும் நேரத்தில், பால் சொசைட்டியில் மூன்று பேர் இருந்தார்கள்.

“அந்தச் செக்கிங் தரணி இருக்கறாளே, கம்பெனி ஸ்டிக்கர ரோலு ரோலா ஊட்டுக்குக் கொண்டு போறாளாட்டருக்குது. பையன் நர்சரி பூரா ஒட்டிட்டுத் திரியறான்.”

“அட, அவளா? பேசவே தெரியாதவளாட்டம் இருப்பாளே.”

“பேசாதவங்கதானுங்க எல்லாம் பண்ணுவாங்க” என்றேன் நான், பேசுகிறவள்.

அந்த மூவரில் ஒருத்தி செக்கிங்கில் வேலை செய்கிறவள். அது எனக்குத் தெரியும். தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று இப்போது எழுதினால் பேகம் மிஸ் வட்டம் போடுவார்.

அடுத்த செவ்வாய் ரித்தீஷ் வரவில்லை. வியாழனும் வரவில்லை. நர்சரி ஆயா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“ஏனுங்க, பையனுக்குக் காய்ச்சலுங்களா?” என்றேன்.

“காய்ச்சலெல்லாம் ஒண்ணுமில்லீங்க. எழுதற டீச்சரம்மா வந்து போற வரைக்கும் எம்பையன அனுப்பமாட்டேன்னு அவங்கம்மா சொல்லிப் போட்டாங்க. கம்பெனி கேட்டுல அத்தனை பேரு முன்னால சூப்பர்வைசரு அவங்க பையப் பிரிச்சுக் கொட்டிட்டாருங்களாமா. உள்ள சோத்துப் போசியும் பையனுக்கு வாங்குன பிஸ்கட்டுந்தான் இருந்துச்சாமா. ஏனுங்க, உங்களுக்குத் தெரியாதுங்களா?”

வீதியில் எனக்குத் தெரியாமல் நடந்த முதல் சங்கதி அது. அதுவும் நான் ஆரம்பித்து வைத்தது.

கல்லூரிக்குப் போய் பேகம் மிஸ்ஸிடம், குழந்தையை மாற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருந்தது, ஆறு குறிப்பு பாக்கி.

“பதினாலு ஒரு குழந்தை, ஆறு ஒரு குழந்தைன்னா அது ரெக்கார்டு ஆகாதுங்க. ஏன் வரதில்ல?”

நான் சொன்னேன். பால் சொசைட்டி உட்பட. சொல்லும்போது என் குறிப்பேடு அவர் கையில் இருந்தது. அட்டையில் ரித்தீஷ் ஒட்டின ஸ்டிக்கரை அவர் நகத்தால் மெதுவாக உரித்து, திருப்பி, என் பக்கம் நீட்டினார்.

“இதத் திருப்பிப் பாத்தீங்களா?”

பசைப் பக்கம் பசை பேருக்குத்தான் இருந்தது. பஞ்சு. வெள்ளைப் பஞ்சு, நீலப் பஞ்சு, ஒரு பச்சை நூல் துணுக்கு. மூன்று நான்கு கலர் பனியனில் ஒட்டி உரித்து, ஒட்டி உரித்து ஓய்ந்துபோன ஸ்டிக்கர். ரோலிலிருந்து எடுத்த புதிது இல்லை. சரிசெய்த பனியனிலிருந்து உரித்துப் போடுகிற பழசு. அதைச் செக்கிங்கில் எல்லாரும் கைக்கு எட்டட்டும் என்று தங்கள் சட்டைக் கையிலேயே ஒட்டிக்கொள்வார்கள். பொழுதோடு அதோடுதான் வீட்டுக்குப் போவார்கள். இருபது வருடம் தலைமுடியில் பனியன் பிசிறோடு சமைத்துப் போடுகிற எனக்கு இது தெரியாதா? தெரியும். திருப்பிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

“கையெழுத்து வேணும்னா அந்தக் குழந்தை வரோணுங்க” என்றார் மிஸ். “அது உங்க கையிலயும் இல்ல, எங்கையிலயும் இல்ல. அவங்கம்மா கையில இருக்குது.”

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரம் கம்பெனிக்குப் போனேன். கேட்டில் சூப்பர்வைசர் லிங்கசாமியும், அவர் பக்கத்தில் மேனேஜர் வேல்குமாரும் நின்றிருந்தார்கள். வேல்குமார் இல்லாத நேரமாகப் பார்த்து வரலாம் என்றுதான் பன்னிரண்டரைக்கு வந்தேன். அன்றைக்கென்று பார்த்து அவரும் அங்கேயே நின்றார்.

“லிங்கசாமியண்ணா, தரணி ஸ்டிக்கர் எடுத்துட்டுப் போறான்னு பேச்சு வந்துச்சில்லீங்க, அது தப்புங்க.”

“உங்களுக்கு எப்படிங்க தெரியும்?”

“அந்தப் பேச்சு எங்கிட்ட இருந்துதானுங்க கெளம்புச்சு.”

“எடுத்தத நீங்க பாத்தீங்களா?”

ஊரில் எல்லாரிடமும் அந்தச் சிவப்புப் பேனா இருக்கிறது போல. “பாக்கலீங்க” என்றேன். பையிலிருந்த பழைய ஸ்டிக்கரைக் காட்டினேன். லிங்கசாமி அதைத் திருப்பிப் பார்த்த மறுகணமே காது வரை சிவந்துவிட்டார். “சே, இது பழசுங்க. இத யாரும் எண்ணிக்கூட வெக்கறதில்லீங்க. நான் அந்தப் புள்ளகிட்ட அத்தன பேரு முன்னால...” என்றவர் முடிக்காமல் உள்ளே போய்விட்டார்.

வேல்குமார் போகவில்லை. “குழந்தைங்க ரூமுக்கு வரப்போறவங்க நீங்க. அம்மாக்காரங்க பேச்ச வெளிய கொண்டு போனா எவங்க்கா நம்பிக் குழந்தைய உடுவா?”

“அதுக்குத்தானுங்க படிச்சுட்டு இருக்கறேன்.”

“மொதல்ல ரெக்கார்டுல கையெழுத்து வாங்கிட்டு வாங்க. பொறவு பாக்கலாம்.” ‘நீங்கதான்’ என்பது ‘பாக்கலாம்’ ஆகிவிட்டது.

அன்று பொழுதோடு தரணி வீட்டுக்குப் போனேன். அப்போதுதான் வேலை விட்டு வந்திருந்தாள். கதவைத் திறந்தவள் உள்ளே வா என்று சொல்லவில்லை. வாசலிலேயே நின்றேன். ரித்தீஷ் அவள் கையைப் பிடித்துக் கீழே இழுத்து, சட்டைக் கையில் ஒட்டியிருந்த அம்புக்குறிகளை ஒவ்வொன்றாக உரித்துத் தன் கை மடிப்பில் ஒட்டிக்கொண்டிருந்தான். அவளும் கையை அவன் உயரத்துக்குத் தாழ்த்திக் கொடுத்தபடி என்னைப் பார்த்தாள்.

“ஒரு வாரமா என்னைய யாரும் நேராப் பாக்கறதில்லீங்க்கா. லஞ்சுக்குத் தனியாத்தான் உக்காந்தேன். இன்னிக்கு லிங்கசாமியண்ணன் லைன்ல எல்லாரையும் வெச்சுத் தப்புன்னு சொன்னாரு. நீங்கதான் போயிச் சொன்னீங்களாமா.”

“நாந்தான் அம்மிணி. மொதல்ல சொன்னதும் நாந்தான்.”

“அதுவும் தெரியும்.” மகன் கையைப் பார்த்தாள். “இப்பவும் பாத்துட்டு நிக்கறீங்க. இதையும் போயிச் சொல்லுவீங்களா?”

“சொல்லோணும் அம்மிணி. பால் சொசைட்டியில, நீ எடுக்கலீன்னு.”

அவள் மகனுக்கு இன்னொரு கையைத் தாழ்த்திக் கொடுத்தாள். நான்தான் பேசினேன். ஆறு குறிப்பு பாக்கி என்றேன், கையெழுத்து என்றேன், அந்த அறை என்றேன். சொல்லச் சொல்ல, மன்னிப்புக் கேட்க வந்தவள் மாதிரி இல்லாமல் கடன் கேட்க வந்தவள் மாதிரி இருந்தது எனக்கே.

“அனுப்பறேன். ஆனா எழுதுனத அன்னன்னிக்கே எனக்கு வந்து படிச்சுக் காட்டோணும். எம்பையனப் பத்தி எனக்குத் தெரியாம ஒரு எழுத்து போகக்கூடாது.”

பால் சொசைட்டியில் நிஜத்தைச் சொல்வது தனிக் கூத்து. எடுத்தாள் என்றபோது மூன்று பேர் பாலை மறந்து நின்றார்கள். எடுக்கவில்லை என்றபோது, ஒருத்திக்குப் பஸ் வந்துவிட்டது, ஒருத்திக்கு அடுப்பில் குழம்பு. மூன்றாமவள் மட்டும் கடைசி வரை நின்றாள். அவளுக்குச் சில்லறை வர வேண்டியிருந்தது. மூன்று நாள் தொடர்ந்து போய்ச் சொன்னேன். நான்காம் நாள் என்னைப் பார்த்ததும் பால் ஊற்றுகிறவரே, “தெரியுமுங்க, எடுக்கலீங்க, பாலு எத்தனைங்க?” என்றார்.

ரித்தீஷ் திரும்ப வந்தான். நான் எழுதினேன். ஏழு மணிக்கு மேல் தரணி வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து படித்தேன். முதல் நாள் பழக்க தோஷத்தில், “ஆசை ஆசையாய் உப்புமா தின்றான்” என்று நடுவில் சேர்த்துவிட்டேன்.

“அது அதுல எழுதியிருக்குதுங்களா?” என்றாள் தரணி, அரிசி களைந்துகொண்டே.

“...தின்றான்னுதான் இருக்குது.”

“அதப் படிங்க.”

பதினேழாவது குறிப்பு இப்படி: “ரித்தீஷ் ஒரு பெண் குழந்தையின் கவுனின் விளிம்பைப் பிடித்தான். உள்பக்கம் திருப்பினான். தையலின் மேல் விரலை ஓட்டினான். ‘பாஸ்’ என்றான். அடுத்த குழந்தையிடம் போனான். ஏழு குழந்தைகளைப் பார்த்தான். ஆறு ‘பாஸ்’. ஒரு பையனுக்குப் பித்தான் இல்லை. அந்த இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டி, ‘அண்ணா தெச்சுத் தருவாங்க, அழுவாத’ என்றான்.”

தரணி களைவதை நிறுத்திவிட்டாள். “நான் கம்பெனியில பண்றதுங்க அது. லைன்ல புதுசா வந்த புள்ளைங்க தப்புப் பண்ணிட்டு அழுகும். அதுங்களுக்குச் சொல்றதுங்க. ஒரே ஒரு நாள், சனிக்கிழமை அரை நாள், இவனக் கூட்டிட்டுப் போயிருந்தேன்.” அரிசியைத் தள்ளி வைத்துவிட்டு, “இன்னொருக்காப் படிங்க” என்றாள். படித்தேன். வாயில் ஏதேதோ வந்தது. ஒன்றையும் சேர்க்கவில்லை. அவள் அழுதாளா என்று கேட்டால், முகத்தை அந்தப் பக்கம் திருப்பியிருந்தாள். நான் பார்க்கவில்லை.

வாசலில் அன்று ஆண் செருப்பு இருந்தது. தூத்துக்குடியிலிருந்து வந்தவர் உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அன்று கிழமை செவ்வாய். என் புதன், ஞாயிறு கணக்கும் போயிற்று.

கடைசிக் குறிப்பு எழுத வேண்டிய நாள் பேகம் மிஸ்ஸே நர்சரிக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்று ரித்தீஷ் பொம்மைகளைப் பார்க்கவில்லை, பிள்ளைகளையும் பார்க்கவில்லை. நேராக என்னிடம் வந்தான். நான் எழுதினேன்:

“ரித்தீஷ் என் முன்னால் நின்றான். என் முகத்தைப் பார்த்தான். இடது கை மடிப்பிலிருந்து ஒரு ஸ்டிக்கரை எடுத்தான். சரியாக என் வாய்க்குக் கீழே ஒட்டினான். அம்பு மேல் நோக்கி இருந்தது. திரும்பிப் போனான்.”

ஸ்டிக்கரோடுதான் எழுதி முடித்தேன். காலையில் தின்ற தக்காளிச் சட்னி அங்கே ஒட்டியிருந்தது என்று பிறகு கண்ணாடியில் தெரிந்தது. ஆனால் தரணிக்குப் படித்துக் காட்டியபோது சட்னியைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. குறிப்பில் அது இல்லை. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்து, பொத்தியும் நிற்காமல், சுவரில் சாய்ந்துகொண்டாள். “எங்க செக்கிங்ல இத்தன நாளா யாருக்கும் தெரியலீங்க்கா இந்த டேமேஜு. எம்பையன் புடிச்சுட்டான்.” உள்ளே போய் எனக்கும் ஒரு டம்ளர் காப்பி கொண்டு வந்தாள். அந்த வீட்டில் நான் குடித்த முதல் காப்பி. சர்க்கரை கம்மி. யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் பேகம் மிஸ் இருபது குறிப்பையும் முதலிலிருந்து புரட்டினார். மேஜை ஓரத்தில் என் அடைகாக்கும் காக்காய் அப்படியே இருந்தது. கடைசிப் பக்கத்தில் சிவப்புப் பேனா இறங்கியது. ஒரே ஒரு வட்டம், ‘சரியாக’ என்ற வார்த்தை மேல்.

“இது நீங்க பாத்தது இல்லீங்க, நெனைக்கறது. இது இந்தப் பக்கம் வரக்கூடாது.”

“அடிச்சர்றனுங்க மிஸ்.”

“அடிக்க வேண்டாங்க. வலது பக்கம் எழுதலாம், இப்ப.”

இருபது பக்கம் காலியாக வந்த வலது பக்கத்தில் முதல்முதலாகப் பேனாவை வைத்தேன். என்னென்னவோ எழுத இடம் இருந்தது. ‘சரியாக’ என்ற ஒரு வார்த்தையை மட்டும் எழுதிவிட்டு நோட்டைத் திருப்பி வைத்தேன். பேகம் மிஸ் அதைப் படித்தார், என் வாயைப் பார்த்தார், அதன் கீழேயே கையெழுத்துப் போட்டார். அவர் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. சிரித்தாரா என்று எழுத மாட்டேன். அசைந்தது.